அர்த்தநாரி மேஸ்திரி மாலையைக் கழற்றிய கதை

அர்த்தநாரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவனுக்கு வக்காலத்து வாங்குவதாக யாருக்காவது தோன்றினால் அது தப்பு. பதினோரு வருஷம் ஒரே காப்பி எஸ்டேட்டில் குப்பை கொட்டினோம். நான் ஆபீஸ் ரைட்டர், மரியஜோசப். அவன் தோட்டத்துப் பெரிய மேஸ்திரி. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற வழியில், சாலைக்குக் கீழே சரிவில் இறங்குகிற எஸ்டேட் அது. பெயர் வேண்டாம். இப்போது கைமாறி வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

மேஸ்திரி வேலை என்றால் காய் பறிக்கிற பெண்களை விரட்டி வேலை வாங்குவது. அர்த்தநாரி அதற்கென்றே பிறந்தவன் மாதிரி செய்வான். அவன் ஒரு சத்தம் போட்டால் எதிர்ச் சரிவில் மிளகுக்கொடி கட்டுகிற ஆள்கூடத் திரும்பிப் பார்ப்பான். பழத்தோடு பச்சைக்காய் கலந்திருந்தால் மடியில் கட்டிய பையை அவிழ்த்து அங்கேயே தரையில் கொட்டச் சொல்வான். குனிந்து பொறுக்கச் சொல்வான். மருதாயி என்று ஒரு பெண், நாற்பது வயசுக்கு மேல், வாய்த்துடுக்குக்காரி. அவளையே இரண்டு தடவை அழவைத்திருக்கிறான். மாதா திருவிழா அன்று பூசை முடிந்து நான் பதினோரு மணிக்கு ஆபீஸ் வந்ததை மேனேஜரிடம் போய்ச் சொன்னவனும் அவன்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் அவனோடு வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

உடுப்பு விஷயத்தில் அவனைப்போல ஒரு பிடிவாதக்காரனைப் பார்க்க முடியாது. காக்கி அரை டவுசர், காக்கிச் சட்டை, முழங்கால்வரை காலுறை, பூட்ஸ், தொப்பி. வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட வழக்கம். மற்ற மேஸ்திரிகள் மழை நாளில் லுங்கியைக் கட்டிக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். அர்த்தநாரி அவர்களைத் திருப்பி அனுப்புவான். "தோட்டத்துக்கு வர்றீங்களா, பொணம் தூக்கப் போறீங்களா?" என்பான்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் சேலம் ஆஸ்பத்திரியில் ராஜேஸ்வரிக்குக் குறைமாதத்தில் பையன் பிறந்தான். மூச்சு விடவே திணறிய பிள்ளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் விடாமல் சபரிமலைக்கு நடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டானாம். பிள்ளை பிழைத்தது. அந்தக் கார்த்திகையிலேயே மாலை போட்டான். அடுத்த வருஷமும் போட்டான்.

மாலை போட்ட அர்த்தநாரி வேறு ஆள். கருப்பு வேட்டி, வெறுங்கால், வளர்ந்த தாடி. கார்த்திகைப் பனியில் விடியற்காலம் பச்சைத் தண்ணீரில் குளிப்பான். தனக்குத் தானே கஞ்சி காய்ச்சிக்கொள்வான். கோபம் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். காய் பறிக்கிற பெண்களுக்கு அந்த நாற்பது நாளும் திருவிழாதான். அவன் பையை எட்டிப் பார்த்து, "சாமி, பச்சக்காயி கொஞ்சம் கலந்திருக்குதுங்க சாமி" என்பான். அதோடு போய்விடுவான்.

மருதாயி விடமாட்டாள். "ஏனுங் சாமி, இன்னிக்கு ஒண்ணும் திட்டலீங்களா? காது என்னமோ அடைச்சாப்ல இருக்குதுங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி சரணம்" என்று நகர்வான். நான் ஆபீஸ் சன்னலில் நின்று பார்த்து ரசித்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே ரசித்தேன்.

பழைய மேனேஜர் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "வெறுங்காலோட போயி அட்டை கடிச்சா எங்கிட்ட வராதே" என்பதோடு சரி. எண்பத்தாறில் அவர் போய் பாலசுப்பிரமணியம் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். நெற்றி நிறைய விபூதி, பங்களாவில் தனியாகப் பூஜை அறை, கிருத்திகை தவறாத விரதம். பக்தி இல்லாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வந்த மூன்றாம் மாதமே ஒரு சுற்றறிக்கை போட்டார். தோட்ட ஊழியர் அனைவரும் காக்கி உடுப்பு, பூட்ஸ், தொப்பி அணிந்து, முகச்சவரம் செய்து வர வேண்டும். மீறினால் வேலை நீக்கம். ஆடி மாதம் நானே எழுதி ஆபீஸ் பலகையில் ஒட்டினேன். அதைப் படித்து அதிகம் சந்தோஷப்பட்டவன் அர்த்தநாரிதான். கார்த்திகை அவனுக்கும் நினைவில் இல்லை, எனக்கும் நினைவில் இல்லை.

கார்த்திகை ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. கருப்பு வேட்டி, கருப்புத் துண்டு, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனத்தோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி, அவனை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார்.

"என்னய்யா வேசம் இது?"

"மூணாவது வருசமுங்க, சாமி."

"யாரு சாமி? நான் மேனேஜர்."

"மாலை போட்டா எல்லாருமே சாமிதானுங்க, சாமி."

அவன் கேலி செய்யவில்லை. அவன் முறை அது. ஆனால் மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "சர்க்குலர் படிச்சியா இல்லியா? இது எஸ்டேட்டா, பஜனை மடமா? கழட்டிட்டு, சவரம் பண்ணிட்டு, காக்கி போட்டுட்டு வா."

"கழட்ட முடியாதுங்க சாமி. மலைக்குப் போயிட்டு வந்துதான் கழட்டோணும். வேணும்னா மேல காக்கிச் சட்டை போட்டுக்கறனுங்க. தொப்பியும் வெச்சுக்கறேன். வேட்டி மட்டும் கருப்புங்க. காலுக்குப் பூட்ஸ் ஆகாதுங்க."

"கருப்பு வேட்டி, காக்கிச் சட்டை, தொப்பி, தாடி. சர்க்கஸ் கூடாரத்துல சேத்துக்குவான், போறியா?"

"நாப்பது நாளுதானுங்க சாமி."

"அந்த நாப்பது நாள்லதான்யா காப்பி பழுக்குது! கோயிலுக்குப் போறவன் எல்லாம் அறுவடையப் பாத்துத்தான் போவீங்க. போன வருசக் கணக்கு பாத்தேன். கார்த்திகை மார்கழியில பச்சக்காயி ரெண்டு மடங்கு. திட்டாத மேஸ்திரி எனக்கு எதுக்கு?" கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவர் திரும்பி வந்தார். "சாமி கும்பிடறது ஊட்டுக்குள்ள. நானும் கும்பிடறேன். தோட்டத்துல காக்கிதான். சனிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கு மேல வேலையும் இல்ல, குவார்ட்டர்ஸும் இல்ல."

அர்த்தநாரி கைகளைக் கூப்பியபடியே நின்றான். அவன் தாடை நரம்பு புடைத்திருந்தது. மற்ற நாளாக இருந்தால் மேனேஜர் என்றும் பார்க்காமல் ஏதாவது கத்தியிருப்பான். "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினான். எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி. மற்றவர்களுக்கு உடுப்புச் சட்டம் பேசியவன் இப்போது படட்டும் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ரைட்டர், சங்கத்துக்காரன் மோப்பம் புடிச்சிட்டான். மாலையக் கழட்டச் சொன்ன மேனேஜர்னு ஏற்காடு பூராவும் நோட்டீஸ் ஒட்டுவான். நாம சொல்லிக் கழட்டுனான்னு இருக்கக் கூடாது. அவனாக் கழட்டுனான்னு எழுத்துல வேணும். நடுவுல கழட்டறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?"

எனக்கென்ன தெரியும், நான் வேதக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் நியாயமான பதில். ஆனால் மேனேஜர் என்னிடம் யோசனை கேட்டுவிட்டார். என் வாய் சும்மா இருக்குமா? போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாலையை நடுவில் கழற்றியது நினைவுக்கு வந்தது.

"பங்காளி ஊட்டுல சாவு உழுந்தா கழட்டிருவாங்க சார். தீட்டு. அந்த வருசம் போக மாட்டாங்க. அது குத்தமில்ல."

"இவனுக்குப் பங்காளின்னு யாரு இருக்கா?"

"கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தன், மாரியப்பன்னு. தாரமங்கலத்துல தறி நெய்யறான். ஊட்டுச் சுவரு தகராறுல பேச்சுவார்த்தை இல்ல. ஒம்பது வருசமாச்சு."

மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்புறமென்ன" என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் நான்தான் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அர்த்தநாரி வாசலில் மூன்று கல் கூட்டித் தனியாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். ராஜேஸ்வரி பையனை மடியில் போட்டு நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயசாகியும் பனிக்காலம் வந்தால் அந்தப் பிள்ளைக்கு இழுப்புதான். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் செத்துவிட்டதாக ஒரு லெட்டர். மூன்று நாள் லீவு. மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தால் வேலையும் வீடும் அப்படியே இருக்கும்.

ராஜேஸ்வரி எழுந்தே விட்டாள். "ஏனுங்க ரைட்டரு, நீங்க கோயிலுக்குப் போற மனுசன்தானுங்க? உசுரோட இருக்கறவர சாகடிக்கச் சொல்றீங்களே, உங்க நாக்கு கூசலீங்களா? என்ற புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? மூணு வருசம்னு சாமிகிட்டச் சொன்னது யாரு, உங்க மேனேஜரா?"

"சும்மா இருங்க சாமி" என்றான் அர்த்தநாரி. பெண்டாட்டியையும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் அடுப்பைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னான்: "ஊட்ட உட்டுட்டா நான் எங்கங்க போறது? தாரமங்கலத்துல அவன் வாசல்லதான் போயி நிக்கோணும். நீ என்ற மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டு வந்தவன் நானு."

"அப்ப அவரு உனக்குச் செத்த மாதிரிதானே?"

இதைச் சொன்னவன் நான். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்ட பெருமைகூட எனக்கு அப்போது இருந்தது.

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. "அடுத்த வருசம் சேத்துப் போயிக்கலாமுங்களா?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததா, தெரியாததா என்று யோசிக்காமலே, "போயிக்கலாம்" என்று பதில் சொன்னேன். சபரிமலையின் தர்மகர்த்தா மாதிரி.

சனிக்கிழமை காலை ஆபீசில் வைத்து லெட்டரை நான் எழுதினேன். 'என் உடன்பிறந்த தமையனார் மாரியப்பன் நேற்று இறந்துவிட்டபடியால் நான் அணிந்திருந்த மாலையை என் சொந்த விருப்பத்தின் பேரில் கழற்றிவிட்டேன்.' சொந்த விருப்பம் என்பது மேனேஜர் சேர்க்கச் சொன்னது. அர்த்தநாரி கீழே கையெழுத்துப் போட்டான்.

மாலையைத் தானாகக் கழற்றிவிட முடியாது. போட்டுவிட்ட குருசாமியிடம் போக வேண்டும். குருசாமி ஏற்காட்டில் லாரி ஓட்டுகிற செல்வராஜ். பதினாலு வருஷம் மலையேறியவர், வெள்ளை மனசுக்காரர். அர்த்தநாரி போய் அண்ணன் இறந்துவிட்டதாகச் சொன்னதும் அவர் கண்கலங்கி, மந்திரம் சொல்லித் தன் கையாலேயே மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் போட்டாராம். "கவலப்படாதீங்க சாமி, சாவுக்கு யாரு என்ன பண்றது, சாமி கோவிச்சுக்காது" என்று தேற்றியும் அனுப்பினாராம்.

அர்த்தநாரி பகல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிவிட்டான். மூன்று நாள் அங்கே எங்கே இருந்தான், என்ன சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு இழுப்பு என்று சாக்குச் சொல்லி ராஜேஸ்வரி இங்கேயே இருந்துவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. சாவுச் செய்தி கேட்டால் தோட்டத்து ஜனங்கள் துக்கம் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மருதாயி முன்னால் வர, இருபது பெண்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவன் வாயால் அத்தனை வசவு வாங்கியவர்கள். முக்காடு போட்டுக்கொண்டு, ராஜேஸ்வரியின் தோளைக் கட்டிக்கொண்டு, பார்த்தே இராத மாரியப்பனுக்காக ஒப்பாரி வைத்தார்கள். அரிசியும் வாழைக்காயும் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் சாலையில் நின்று பார்த்தேன். ராஜேஸ்வரி அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். மச்சாண்டாருக்காக அவள் அழவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் வேகமாக ஏற்காட்டுப் பக்கம் நடந்துவிட்டேன்.

புதன்கிழமை அர்த்தநாரி மழுமழுவென்று சவரம் செய்து, காக்கியும் பூட்ஸுமாக வந்துவிட்டான். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று அவன் போட்ட சத்தத்தில் தோட்டமே அதிர்ந்தது. முன்பெல்லாம் பச்சைக்காய்க்காகத் திட்டுவான். இப்போது எதற்கென்று இல்லை. துக்கத்தில் இருக்கிறான் என்று பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். மருதாயிகூட எதிர்த்துப் பேசவில்லை. அவனுக்கு அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

செல்வராஜ் குருசாமி நல்ல மனுஷன் என்று சொன்னேன் அல்லவா? அவர் நல்ல மனுஷனாக இல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் அமுங்கிப் போயிருக்கும். அந்த வாரம் ஓமலூருக்கு லோடு இறக்கப் போனவர், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஒரு எட்டு தாரமங்கலம் போய், மாலை போட்டவன் சாவு வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று துக்கம் கேட்டுவிட்டு வரலாம் என்று லாரியைத் திருப்பினார். விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போய், செத்துப்போனவரின் சம்சாரத்தைக் கூப்பிட்டிருக்கிறார். தறிக்குழியிலிருந்து மாரியப்பனே எழுந்து வந்தானாம். கருப்பு வேட்டி, கழுத்தில் மாலை.

திங்கட்கிழமை சாயங்காலம், பறித்த பழத்தைக் களத்தில் அளக்கிற நேரம். எல்லாரும் அங்கே இருந்தார்கள். மேனேஜர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். அர்த்தநாரி அளவுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கிழவியை விரட்டிக்கொண்டிருந்தான். லாரி வந்து நின்றது. கருப்பு உடுத்த இரண்டு பேர் வெறுங்காலோடு இறங்கி வந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. யார் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாரியப்பன் தம்பிக்கு எதிரில் வந்து கைகூப்பினான்.

"சாமி சரணம். நான் செத்துப் பத்து நாளாச்சுங்களாமா, சாமி? குருசாமி துக்கம் கேக்க வந்தாருங்க. நானே வாங்கன்னு கூப்பிட்டு, நானே தண்ணி மோந்து குடுத்தேன்."

தம்பியைப் பார்த்து அவன் 'வாங்க, போங்க' என்று பேசினான். அர்த்தநாரியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணா" என்று ஏதோ ஆரம்பித்தான்.

"இருங்க சாமி. கன்னிசாமியா இந்த வருசந்தான் மாலை போட்டேன். நீங்க மூணாவது வருசம் போறீங்கன்னு கேள்விப்பட்டு, மலையில வெச்சுப் பாத்தாப் பேசிக்கலாம்னு போட்டேன். அங்க போயும் சண்ட புடிக்க முடியாதில்லீங்களா?" அவன் குரல் ஏறவே இல்லை. "கண்டபடி திட்டோணும்னுதான் லாரி ஏறுனேன். கழுத்துல மாலை இருக்குது. இது இருக்கற வரைக்கும் உங்களத் திட்ட முடியாதுங்க சாமி. கழட்டுன பொறகு உங்ககிட்டப் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அவ்வளவுதான். திரும்பி நடந்து லாரியில் ஏறிக்கொண்டான். குருசாமி மட்டும் இன்னும் நின்றார். "என்ற கையால கழட்ட வெச்சீங்களே, சாமி" என்றார். அவரும் திட்ட முடியாத ஆள். அவரும் போய்விட்டார். நான் எத்தனையோ சண்டைகளைக் களத்தில் பார்த்திருக்கிறேன். அடிதடி, மண்டை உடைந்தது எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பேர் கைகூப்பிக்கொண்டு பேசியதைப்போல ஒரு கொடுமையைப் பார்த்ததில்லை.

மருதாயி அர்த்தநாரியின் காலடியில் காறித் துப்பினாள். "இதுக்காங்க நாங்க மாரடிச்சோம்?" என்று கேட்டாள். இருபது பெண்களும் மேனேஜரைப் பார்த்தார்கள். சங்கத்துப் பையன் ஒருவன் வாயைத் திறக்கப் போனான்.

மேனேஜர் முந்திக்கொண்டார். ஜீப்பிலிருந்து குதித்து இறங்கி, எல்லார் காதிலும் விழும்படி கத்தினார்: "ஏன்யா, பொய்யா எழுதிக் குடுத்து லீவு எடுத்தே? கூடப் பொறந்தவனச் சாகடிச்சு என்னை ஏமாத்தினியா? நான் நம்பி மூணு நாள் குடுத்தேனே!"

அர்த்தநாரி அவரையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மேனேஜரும் என்னைப் பார்த்தார். "ரைட்டர், அந்த லெட்டர் உங்க எழுத்துதானே? இவன் சொன்னதத்தானே எழுதுனீங்க?"

அந்தக் களத்தில் நூறு பேர் இருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கும் குவார்ட்டர்ஸ் உண்டு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் உண்டு. அதெல்லாம் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொன்னால் அது பின்னால் தேடிப் பிடித்த காரணம். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் அர்த்தநாரியே பதில் சொன்னான். "நாஞ்சொல்லித்தான் எழுதுனாருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னானா, என் தயவே வேண்டாம் என்று சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை மேனேஜர் வேலைநீக்க உத்தரவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, பொய்யான மரணச் செய்தி கொடுத்து, நிர்வாகத்தை ஏமாற்றிய குற்றத்துக்காக.' உடுப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. சங்கத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாலைக்காக நீக்கினால் போராடலாம், அண்ணனைச் சாகடித்தவனுக்காக யார் கொடி பிடிப்பார்கள்? குருசாமியும் துக்கம் கேட்ட பெண்களும்தான் முதல் எதிரிகளாக நின்றார்கள்.

வேலையை விட்டுப் போகிறவன் எஸ்டேட் உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்தான். டவுசர், சட்டை, காலுறை, பூட்ஸ், தொப்பி எல்லாம் துவைத்து மடித்திருந்தது. வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். சவரம் செய்த முகம், வெறும் கழுத்து, வெறும் கால். பதினோரு வருஷத்தில் அவனைக் காக்கியிலும் கருப்பிலும்தான் பார்த்திருக்கிறேன். சட்டென்று யாரோ என்று நினைத்துவிட்டேன்.

வெளியே ராஜேஸ்வரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாத்திர மூட்டையோடு நின்றிருந்தாள். ஆத்தூரில் அவள் அம்மா வீடு. அங்கே போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வளர்ந்துவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் அவள் என் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பாள். திட்டட்டும். எனக்கு வர வேண்டியதுதான்.

உடுப்பைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, உத்தரவை அவனிடம் நீட்டினேன். நின்றபடியே நிதானமாகப் படித்தான். முதலில் எழுதிய லெட்டர் மேஜைமேல் கோப்பில் மேலாக இருந்தது. அதையும் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் உங்க எழுத்துத்தானுங்களா?"

"ஆமா."

"எழுத்து நொம்ப அழகா இருக்குதுங்க, ரைட்டரு" என்றான். உத்தரவை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். எனக்குக் கும்பிடு போட்டான். படியிறங்கி, பிள்ளையை வாங்கிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தான்.

திட்டியிருக்கலாம். அவன் கழுத்தில்தான் மாலை இல்லையே.